எட்டு லீவர், இரண்டாயிரத்து எழுநூறு வால்வு

அப்பா அரம் போடும் சத்தத்தில்தான் நான் வாய்ப்பாடு படித்தேன். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுத் திண்ணையேதான் பட்டறை. ஒரு சாணைக்கல், ஒரு வைஸ், பெரிதும் சிறிதுமாய் ஏழெட்டு அரம். வாசல் தெளித்த ஈரம் காயும் முன்னே அப்பா உட்கார்ந்துவிடுவார். விளக்கு வைக்கும்வரை இரும்பை ராவும் சத்தம் ஓயாது. பதினாறாம் வாய்ப்பாடு எனக்கு இன்றும் அந்தத் தாளத்தில்தான் வாயில் வருகிறது.

அவர் செய்தது லீவர் பூட்டு. உள்ளே லீவர் எனும் எட்டுத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டு, ஒவ்வொரு வெட்டும் வேறு உயரத்தில். சாவியின் பல் ஒவ்வொரு லீவரையும் அதனதன் அளவுக்குத் தூக்கும்போது எட்டு வெட்டும் ஒரே கோட்டுக்கு வரும். அப்போதுதான் தாழ் நகரும். ஏழு சரியாக இருந்து எட்டாவது மயிரிழை தப்பினாலும் பூட்டு அசையாது. "எட்டும் சரின்னாத்தான்டா அது ஆமாங்கும். ஏழரைக்கெல்லாம் ஆமாங்காது" என்பார் அப்பா. ஒரு பூட்டின் லீவர் வரிசை இன்னொன்றுக்கு வராதபடி மாற்றி மாற்றி வெட்டுவார். எதையும் எழுதி வைத்துக்கொள்ள மாட்டார்.

அம்மாவைப் பெற்ற தாத்தா வேடசந்தூர்ப் பக்கம் புகையிலைத் தரகு பார்த்தவர். வீசை, மணங்கு, அரைக்கால், வீசம், மாகாணி எல்லாம் அவருக்கு விரல்நுனியில். புகையிலைக் கட்டைத் தராசில் ஏற்றி இறக்குவதற்குள் தொகையைச் சொல்லிவிடுவார். 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் வீசை போய்க் கிலோ வந்தது. பதினாறின்மேல் கட்டிய தாத்தாவின் மனக்கணக்கு நூறின்மேல் நிற்க மறுத்தது. கடைசிவரை அவர் பைசாவை அணாவாக்கிக் கணக்குப் போட்டு, விடையைத் திரும்பவும் பைசாவாக்கித்தான் சொன்னார். அப்படியும் தப்பு வந்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் வேலைக்குப் போனது ஊருக்கு வெளியே ஒரு நூல் மில்லின் கணக்குப் பிரிவுக்கு. 1971. மாதாமாதம் சம்பளப் பட்டியல் போடும் இரவில் யாரும் வீட்டுக்குப் போக மாட்டோம். ஸ்பின்னிங்கில் வேலை செய்கிறவர்களுக்கு எத்தனை ஹேங்க் நூல் ஓடியது என்று பார்த்துக் கூலி. 840 கெஜம் ஒரு ஹேங்க். ஒரு பவுண்டு எடைக்கு அப்படி எத்தனை ஹேங்க் வருகிறதோ அதுதான் நூலின் கவுண்ட். ஆள் ஒருவருக்கு ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல், மூன்று கழித்தல். பல நூறு ஆட்கள்.

அந்த அறையில் இருந்த ஒரே கணக்கு இயந்திரம் கைப்பிடி வைத்த பேஸிட். பத்துப் பொத்தான், வலது பக்கம் ஒரு கைப்பிடி. 345-ஐ 27-ஆல் பெருக்க வேண்டுமா? 345-ஐப் பொத்தானில் தட்டி ஏழு சுற்று. ஓர் இடம் நகர்த்தி இரண்டு சுற்று. ஒன்பது சுற்றில் விடை கண்ணாடித் துளையில் வந்து நிற்கும். வகுத்தலுக்குக் கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரு சுற்று கூடிப்போனால் உள்ளே மணி அடிக்கும். ஒரு சுற்று முன்பக்கம் சுற்றிச் சரிசெய்து, இடம் நகர்த்தி, மறுபடி. விடிய விடிய அந்த அறையில் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு மாதம் சம்பளத்துக்கு முந்தின நாள் கைப்பிடி பாதிச் சுற்றில் நின்றுவிட்டது. மில் முழுக்கப் பறக்கும் பஞ்சுத் தூசி அதற்குள் போய் எண்ணெயோடு சேர்ந்து கட்டிவிட்டிருந்தது. மெக்கானிக் மதுரையிலிருந்து வர வேண்டும். வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். "தெறந்து பாத்தியா?" என்றார். இயந்திரத்தைத் தொடவே எனக்குப் பயம் என்றேன். சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டார்.

மேசை விளக்கடியில் அப்பா அதன் மேல்மூடியைக் கழற்றியதை இன்னும் மறக்கவில்லை. கழற்றிய ஆணிகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியில் வைத்தார். உள்ளே சக்கரங்கள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் நீட்டவும் மடக்கவும் முடிகிற பற்கள். 7 என்று தட்டினால் ஏழு பல் நீளும். ஒரு சுற்றில் அடுத்த சக்கரத்தை ஏழு இடம் தள்ளிவிடும். பத்தைத் தாண்டினால் பக்கத்துச் சக்கரம் ஓர் அடி முன்னே போகும். அப்பா பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுருட்டி எடுத்தார், இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார், கைப்பிடியைச் சுற்றினார். மணி அடித்தது. "இதுவும் பூட்டுதான்டா. இங்க சாவி வெளிய கைப்பிடியா இருக்கு. லீவர் எத்தனைன்னு நீ நெனச்ச நேரத்துல மாத்திக்கலாம், அவ்வளவுதான்" என்றார். நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர்.

பிற்பாடு ஹோவர்டு எய்க்கன் என்ற அமெரிக்கரைப் பற்றிப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது அந்த மேசை விளக்குத்தான். எய்க்கன் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு மாணவர். கையால் போட்டு மாளாத சமன்பாடுகளில் சிக்கியவர், 1937-ல் பெரிய கணக்கு இயந்திரம் ஒன்றுக்குத் திட்டம் எழுதினார். நூறாண்டுக்கு முன் சார்லஸ் பாபேஜ் கனவு கண்ட இயந்திரத்தின் சக்கரத் துண்டுகள் அதே பல்கலைக்கழகத்தில் கேட்பாரற்றுக் கிடந்தன. அவற்றையும் போய்ப் பார்த்தார். எய்க்கன் திட்டமிட்ட இயந்திரத்தை ஐபிஎம் கட்டிக்கொடுத்தது. 1944 ஆகஸ்ட் 7 அன்று ஹார்வர்டிடம் ஒப்படைத்தார்கள். மார்க் 1 என்று பெயர். நீளம் 51 அடி. எங்கள் தெருவில் மூன்று வீட்டு வாசலைச் சேர்த்தால் அவ்வளவு வரும். எடை சுமார் 5 டன், உள்ளே ஓடிய கம்பி 500 மைல். நெடுகப் போகும் ஓர் இரும்புத் தண்டை மோட்டார் சுற்றும். அந்தத் தண்டின் சுழற்சியில்தான் அத்தனை எண்சக்கரமும் இயங்கும். 23 இலக்க எண்கள் இரண்டைப் பெருக்க அதற்கு 6 விநாடி ஆகும். அப்பா அங்கே நின்றிருந்தால் அரை மணி நேரத்தில் அதன் போக்கைப் பிடித்திருப்பார். ஒன்று மட்டும் எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை: அந்த இயந்திரம் போட்ட முதல் பெரிய கணக்குகளில் அணுகுண்டுக்கான கணக்கும் உண்டு.

நான் சொல்ல வந்தது எய்க்கனை அல்ல. நம்மில் ஒருவர் இருந்தார், ஆர். நரசிம்மன். 1926-ல் சென்னையில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொலைத்தொடர்புப் பொறியியல், அமெரிக்காவில் மேற்படிப்பு, அங்கேயே கணிதத்தில் முனைவர் பட்டம். 1954-ல் நாடு திரும்பி பம்பாயில் ஹோமி பாபாவின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். அங்கே ஒரு சின்னக் குழு, பெரும்பாலும் இளைஞர்கள். கணினி கட்டிய முன் அனுபவம் ஒருவருக்கும் கிடையாது. கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிலையம் இங்கிலாந்திலிருந்து ஒரு கணினியை விலைக்கு வாங்கியிருந்த காலம் அது. நரசிம்மன் குழு வாங்கவில்லை, கட்டியது. முதலில் ஒரு மாதிரி இயந்திரம். 1956-ல் அது ஓடியது. அந்தத் துணிச்சலில் பெரிய இயந்திரத்தைத் தொடங்கி 1960 பிப்ரவரியில் முறைப்படி இயக்கினார்கள். 1962 ஜனவரியில் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயர் வைத்தார்.

ரேடியோவுக்குள் ஐந்தாறு வால்வு சிவந்து எரிவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். டிஃப்ராக்கில் 2,700 வால்வு. 1,700 டையோடு, 12,500 ரெசிஸ்டர். 18 அடி நீளம், 8 அடி உயரம் கொண்ட எஃகு அடுக்கில் எல்லாம் நின்றன. நினைவகம் 2,048 சொல், சொல்லுக்கு 40 பிட். பிட் ஒன்றுக்கு ஒரு பொடிக் காந்த வளையம் வேண்டும். பெருக்கிப் பாருங்கள், 81,920 வளையம். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் தலைமுடி போன்ற கம்பி நுழைந்து போக வேண்டும். நிலக்கோட்டை மல்லியைச் சரம் தொடுக்கும் பெண்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும். இத்தனையும் சேர்ந்து இன்றைய கணக்கில் 10 கிலோபைட். யூனிகோடில் நான் தட்டிக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரை அதற்குள் கொள்ளாது. என் பேத்தி கையில் இருக்கும் போனின் நினைவகம் 8 ஜிபி. டிஃப்ராக்கைப் போல எட்டு லட்சம் மடங்குக்கும் மேல்.

டிஃப்ராக் முழுமையாக ஓடத் தொடங்கியபோது உலகம் டிரான்சிஸ்டருக்கு மாறிக்கொண்டிருந்தது. 1964-ல் அதே நிலையத்துக்கு அமெரிக்காவிலிருந்து சிடிசி 3600 வந்து சேர்ந்தது. டிஃப்ராக்கின் காலம் அதோடு முடிந்தது. வாங்கியிருந்தால் அந்தக் காசும் காலமும் மிஞ்சியிருக்குமே என்று படித்தவர்கள் சிலர் என்னிடமே வாதாடியிருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் பூட்டைக் கோணலாகச் செய்யாமல் யாரும் பூட்டுக்காரர் ஆனதில்லை. இயந்திரம் போனது, அதைக் கட்டிப் பழகிய கையும் மூளையும் இங்கேயே நின்றன. 1970-களின் நடுவில் சிஎம்சி என்ற கணினி நிறுவனம் உருவானதில் நரசிம்மனுக்குப் பங்கு உண்டு. 1978-ல் ஐபிஎம் நாட்டை விட்டுப் போனபோது அது விட்டுச்சென்ற இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டது சிஎம்சிதான். ரயில்வே முன்பதிவைக் கணினிக்குக் கொண்டுவந்ததும் அதே நிறுவனம், 1980-களின் நடுவில் டெல்லியில். திண்டுக்கல் ஜங்ஷனில் ராத்திரியே துண்டு போட்டு வரிசை பிடித்துக் கிடந்தவன் நான். இன்று படுக்கையில் இருந்தபடியே டிக்கெட் எடுக்கிறோம் என்றால் அதன் வேர் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும்.

நான் கண்ணால் பார்த்த முதல் கணினி சென்னை ஐஐடியில் இருந்த ஐபிஎம் 370. மாமா மகன் அங்கே படித்தான். 1970-களின் நடுவில் ஒருமுறை பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடித்துப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குளிரூட்டிய அறையில் அது நின்றது. இந்தப் பக்கம் அட்டைக்கட்டோடு மாணவர்கள் காத்திருந்தார்கள். மச்சான் இரவெல்லாம் துளைபோட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு வந்தான். மறுநாள் அவை திரும்பி வந்தன. ஓர் அட்டையில் ஒரு துளை இடம் மாறி விழுந்திருந்ததாம். "ஏழரைக்கு அது ஆமாங்காது மச்சான்" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை.

இப்போது எங்கள் திண்ணை இருந்த இடத்தில் செல்போன் கடை. பூ மார்க்கெட்டில் உதிரிப்பூ விற்கும் அக்காவின் கூடைமேல் க்யூஆர் அட்டை தொங்குகிறது. காசு வந்ததும் பெட்டி சத்தமாகச் சொல்கிறது. எனக்கு இதில் சந்தோஷம்தான். அந்த அக்காவை எடையிலும் கணக்கிலும் ஏமாற்றிய தலைமுறையை நான் பார்த்திருக்கிறேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்தபோது ராவுகிற கை ஊரில் குறைந்துபோயிருந்தது. என்னோடு படித்த பூட்டுக்காரர் வீட்டுப் பையன்களில் ஒருவன்கூட அரத்தைத் தொடவில்லை. நானும்தான் தொடவில்லை. அது எனக்குள் ஆறாத வருத்தம்.

பேத்தி கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கிறாள். போன விடுமுறைக்கு வந்தவளிடம் நரசிம்மன் பெயரைக் கேட்டிருக்கிறாயா என்றேன். "இல்ல தாத்தா, யாரு?" என்றாள். பாபேஜ் தெரியும், டூரிங் தெரியும். அவளைக் குறை சொல்லி என்ன? சொல்லிக்கொடுக்க வேண்டிய நான் அதுவரை சொல்லவில்லையே. அப்பா செய்த பூட்டுகளில் என்னிடம் மிச்சம் இருப்பது ஒன்று, எட்டு லீவர். திருப்புளியைக் கையில் கொடுத்து, தரையில் துணி விரித்து, கழற்று தாயி என்றேன். ஒரு மணி நேரம் ஆனது. கழற்றிய வரிசையிலேயே தகடுகளை அடுக்கினாள்; நான் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள். எட்டாவது தகட்டை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, இந்தச் சாவியோட நம்பர் இந்தத் தகடுகள்லதானே இருக்கு? அப்ப இது மெமரிதானே?" என்றாள். என் கண் நிறைந்துவிட்டது. அப்பா இதைக் கேட்டிருக்க வேண்டும்.

மாட்டும்போது ஒரு லீவர் இடம் மாறிவிட்டது. சாவி திரும்பவில்லை. மறுபடி கழற்றினாள்.

திண்டுக்கல்லிலும் சுற்று வட்டாரத்திலும் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களிடமும் வாத்தியார்களிடமும் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. உங்கள் கணினி அறையில் பாபேஜ் படத்துக்குப் பக்கத்தில் நரசிம்மன் படம் ஒன்றை மாட்டுங்கள். கீழே மூன்று வரி போதும்: 1926-ல் சென்னையில் பிறந்தார். இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய டிஃப்ராக் கணினியை 1960-ல் தன் குழுவோடு இயக்கிக் காட்டினார். 2007-ல் மறைந்தார். படத்துக்கும் சட்டத்துக்கும் ஆகிற செலவை நான் தருகிறேன்.