விதைகளுக்கு மனை வாங்கும் யோசனைகள்

மரமாகப் போகிற விதையே, வண்டல் மண், வற்றாத தண்ணீர், இதமான வெயில் என்று யாராவது ஆசை காட்டினால் அந்தப் பக்கமே போகாதே. அங்கே உனக்கு முன்பே ஆயிரம் பேர் நிற்பார்கள். வேகமாக வளர்கிறவன் உன் தலைக்கு மேல் கிளை விரித்து வெயிலை வளைத்துக்கொள்வான். முதல் வருஷத்திலேயே உன் கதை முடிந்தது. எவனும் வேண்டாமென்று விட்டுப்போன இடமாகப் பார்.

உதாரணத்துக்குப் பிச்சாவரம். உப்புத் தண்ணீர் வேளைக்கு ஏறும், வேளைக்கு இறங்கும். சேற்றுக்குள் காற்றே கிடையாது. அருமையான மனை! வாய்க்கால் கரைதான் வேண்டுமென்றால் சுரபுன்னையிடம் பாடம் படி: கிளைத்த வேர்களை ஊன்றி நிற்க வேண்டும், உப்பை வேரிலேயே பெரும்பாலும் தடுத்துவிட வேண்டும், பிள்ளையைத் தாய்மரத்திலேயே முளைக்கவைத்து நீண்ட நாற்றாக்கித்தான் சேற்றில் விட வேண்டும். சற்றுப் பின்னால் தள்ளி இடம் கிடைத்தால் வெண்கண்டலின் வழி: உப்பை உள்ளே விட்டு இலை வழியாகக் கசியவிடு. (வேண்டுமானால் இலையை நக்கிப் பார்க்கலாம், நீ அல்ல, வேறு யாராவது.) மூச்சுக்குச் சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக வேரை நீட்டு. முத்துப்பேட்டையில் உப்பு இன்னும் கடுமை. அங்கே காடு ஏறக்குறைய முழுக்க வெண்கண்டல்தான். இவர்கள் உப்புக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் என்று நினைத்துவிடாதே. கொஞ்சம் நன்னீர் கலந்தால் இன்னும் செழிப்பார்கள். ஊருக்குள் இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

மலைவாசம் பிடிக்குமா? நீலகிரி உச்சியில் புல்வெளி கண்ணுக்கெட்டிய தூரம் காலியாகக் கிடக்கும். ஏமாந்துவிடாதே. டிசம்பர், ஜனவரி இரவுகளில் உறைபனி இறங்கினால் சோலைமரக் கன்று கருகிவிடும். அதனால்தான் சோலைக்காடு பள்ளங்களில் நெருக்கியடித்து, பெரியவர்கள் நிழலிலேயே பிள்ளைகளை வளர்க்கிறது. காட்டுப் பூவரசு மட்டும் புல்வெளியில் தனியாக நின்று சிவப்பாகப் பூக்கும். தடித்த பட்டைக்காரர், தீயும் பனியும் அவருக்குப் பழக்கம். உனக்கு அந்தப் பட்டை இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்.

முதுமலைப் பக்கம் போனால் கோடையில் இலையை உதிர்க்கத் தெரிந்திருக்க வேண்டும். தேக்கு அப்படித்தான் பிழைக்கிறது. திருச்செந்தூர்த் தேரி மணலுக்குப் பனை போதும், வேறு யாரும் முயல வேண்டாம்.

சீமைக் கருவேலத்துக்கு இந்த யோசனை எதுவும் தேவைப்படாது. வறட்சியைத் தாங்கும், உப்பைத் தாங்கும். ஆடு காயைத் தின்றுவிட்டு விதையைப் போகிற வழியெல்லாம் போடும். மனை பார்க்கும் வேலையே அதற்கு இல்லை.