ஸ்பெக் அண்ணன்

கெலமங்கலம் டீக்கடையில் உட்கார்ந்து, "பையனுக்கு கம்மி விலையில ஒரு சின்ன லேப்டாப் வாங்கணும்" என்று யாராவது வாய் திறந்தால் போதும், அவர் வந்துவிடுவார். ஒசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவராகவோ, மண்டியில் தக்காளிக் கணக்கு எழுதுபவராகவோ இருக்கலாம். லேப்டாப் என்று வந்துவிட்டால் ஊருக்கு அவர் வைத்ததே சட்டம். ஸ்பெக் அண்ணன் என்று வைத்துக்கொள்வோம். ராயக்கோட்டையிலும் ஒருவர் உண்டு. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்ததே, அதுதான் அண்ணனின் பள்ளிக்கூடம். தங்கச்சிக்கு வந்ததைக் கழற்றி மாட்டினார். இரண்டு ஸ்க்ரூ மிச்சம். அன்றிலிருந்து நிபுணர்.

அவரிடம் விலை கேட்டால் வரலாறு வரும். 2007-இல் ஆசுஸ் விட்ட ஏழு அங்குல ஈ பிசி, மறு வருஷம் வந்த இன்டெல் ஆட்டம் சிப், ஒரு ஜிபி ராமோடு முக்கி முனகிய நெட்புக்குகள் எல்லாம் வரிசையாக வரும். "அதுல விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் போட்டுக் குடுத்தான். வால்பேப்பர்கூட மாத்த முடியாதுங்க. வாடகை வீட்ல ஆணி அடிக்கக் கூடாதுன்ற மாதிரி!"

பெட்டி பிரிந்ததும் பரிசோதனை. ஒற்றை விரலால் மூடியைத் திறப்பார்; அடிப்பாகமும் கூடவே எழுந்தால் மார்க் கட். கீபோர்டின் நடுவில் கட்டைவிரலை அழுத்துவார்; பள்ளம் விழுந்தால் உதட்டைப் பிதுக்குவார். டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்துக்கொண்டு, குரோமில் டேப் மேல் டேப்பாகத் திறப்பார். மெமரி தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். வாங்கியவர் முகத்தைப் பார்க்க முடியாது.

அடுத்தது எடை. நேராக மண்டித் தராசு. 2023-இல் 16,499 ரூபாய்க்கு வந்த ஜியோபுக்கின் எடை 990 கிராம் என்று கம்பெனியே சொல்லியிருந்தது; அண்ணனுக்கு அது போதாது. "ஒரு கிலோ தக்காளிய விட பத்து கிராம் கம்மி" என்று தராசின் வாக்குமூலத்தையும் வாங்கிய பிறகுதான் அறிவித்தார். "அதுல டேலி ஓடுமாங்ணா?" என்று பையனின் அம்மா கேட்டது அவர் காதில் விழவில்லை. ஓடாது. அது ஆண்ட்ராய்டு வழி வந்த ஜியோ ஓஎஸ். விண்டோஸ் டேலியை அதில் ஏற்ற முடியாது. பையன் படிப்பதோ பி.காம்.

"பஸ்ல மடியில வச்சே அடிக்கலாம்" என்பது அண்ணனின் அடுத்த தீர்ப்பு. காலை ஷிப்ட் நேரத்தில் ஒசூர் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். நிற்கிறவனுக்கு ஏது மடி?

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். இந்த மனிதர் ஊருக்குப் புண்ணியமும் செய்திருக்கிறார். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்சமே நாலு ஜிபி ராம், 64 ஜிபி இடம். மலிவு விலை லேப்டாப் பலதில் மொத்தமே அவ்வளவுதான், அதுவும் இ.எம்.எம்.சி. வகைச் சேமிப்பு, போர்டோடு பற்றவைத்தது, பிறகு மாற்ற வழியில்லை. "அப்டேட் வந்தா ஃபோட்டோவ அழிக்கணும், ஃபோட்டோ வேணும்னா அப்டேட்ட மறக்கணும்" என்று சொல்லிப் பல பேர் பணத்தைக் காப்பாற்றியிருக்கிறார். இதைப் பெட்டியின் மேல் எவனும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

ஆகவே, வாங்கப் போகிறவர்களுக்கு: பிள்ளை என்ன வேலை செய்யப்போகிறான் என்று முதலில் கேளுங்கள். அந்த வேலைக்கான ஃபைல் ஒன்றைப் பென்டிரைவில் எடுத்துப்போய்க் கடையிலேயே திறந்து பாருங்கள். எடை போட்டே ஆகவேண்டுமென்றால் சார்ஜரையும் சேர்த்துப் போடுங்கள். லேப்டாப் வாங்கப் பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போவதாக இருந்தால் அண்ணனையும் கூட்டிக்கொள்ளுங்கள். "ஸ்வல்ப கம்மி மாடி" என்று அவர் கன்னடத்தில் ஆரம்பித்தால், பையும் மவுஸும் இலவசம்.