ஒன்றரை டன் தலையாட்டல்

எனக்கு ஒரு வியாதி உண்டு. கடையில் யாராவது புரியாத வார்த்தை சொன்னால் என் தலை தானாக ஆடும். உங்களுக்கும் இருக்கும், வெளியே சொல்ல மாட்டீர்கள். பூம்பூம் மாட்டுக்காரர் பார்த்தால், மாட்டை விற்றுவிட்டு என்னைக் கூட்டிப்போவார்.

போன சித்திரையில் ஏசி வாங்க ஐஸ்ஹவுஸ் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். “எத்தனை டன் சார் போடலாம்?” என்றான் பையன். எங்கள் வீட்டுச் சுவருக்கு என் வயசு. “எத்தனை டன்னானாலும் சரி தம்பி, சுவர் தாங்கணும்” என்றேன். பையன் சிரிக்கவில்லை, நல்ல ட்ரெயினிங். பக்கத்து கவுன்ட்டர் பெண்ணுக்குத்தான் அந்த ட்ரெயினிங் இன்னும் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

“வெயிட் இல்ல சார், கூலிங்” என்றான். ஆட்டினேன். வீட்டுக்கு வந்து நோண்டினால், ஆரம்பத்தில் அது வெயிட்தான்! ஒரு டன் ஐஸ், அதுவும் 907 கிலோ அமெரிக்க டன், 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அந்த வேகம்தான் ஏசிக்காரர்களின் ஒரு டன். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸை அடுக்கிவைக்க 1842-ல் கட்டியதுதான் ஐஸ்ஹவுஸ். அதைத் தாண்டிப் போய்த்தான் சுவரைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறேன்.

“கேஸ் ஆர்-32 சார்.” புக் பண்ணினால் எத்தனை நாளில் வரும் என்று கேட்க வாயெடுத்து, அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன். காப்பர் கண்டென்சர், ஐசீர், ஐந்து ஸ்டார் எல்லாவற்றுக்கும் ஆட்டினேன். கழுத்து வலிக்கு மாத்திரை தனிச் செலவு.

கடைசியில் வந்தது அந்த வார்த்தை. “இது இன்வெர்ட்டர் ஏசி சார். கொஞ்சம் கூட ஆகும்.” இதுவாவது எனக்குத் தெரிந்த வார்த்தையாயிற்றே! கரண்ட் போனால் ஃபேன் ஓடவைப்பதுதானே இன்வெர்ட்டர்? பேரம்கூடப் பேசாமல் கார்டை நீட்டினேன்.

அக்னி நட்சத்திரத்தில் மச்சினர் குடும்பம் வந்திருந்தது. மத்தியானம் கரண்ட் போயிற்று. எல்லோரும் விசிறி தேட, நான் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, “நம்மளது இன்வெர்ட்டர்” என்றேன். ரிமோட்டை அழுத்தினேன். அசையவில்லை. பின்மூடியைக் கழற்றி இரண்டு செல்லையும் உருட்டிவிட்டு மறுபடி அழுத்தினேன். மச்சினர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

மெக்கானிக்குக்கு போன் போட்டேன். “அது வேற இன்வெர்ட்டர் சார்” என்றார். கம்ப்ரஸரைப் பட்டென்று நிறுத்தி மறுபடி கிளப்பாமல், தேவைக்குத் தகுந்தபடி வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற சமாச்சாரமாம். கரண்ட் பில் மிச்சமாகுமாம். இரண்டுமே டிசியை ஏசி கரண்ட்டாக மாற்றுகிறவை என்பதால் ஒரே பெயர். பங்காளிகள்தான், ஆனால் பேட்டரி ஒருவர் பாகத்தில்தான் வந்திருக்கிறது. “புரியுதா சார்?” என்றார். போனில் தெரியாது என்பதையும் மறந்து தலையாட்டினேன்.

போன வாரம் அதே கடையில் ஃபிரிட்ஜ். இனி ஆட்டுவதில்லை, கேட்டுவிடுவது என்று வைராக்கியத்தோடு போனேன். “இது ஃப்ராஸ்ட் ஃப்ரீ சார்” என்றான் பையன்.

“ஃப்ரீயா வேணாம்ப்பா. அதுக்குப் பதிலா விலையில கழிச்சுக்கோ” என்றேன்.

பக்கத்து கவுன்ட்டர் பெண் அன்றைக்கும் லீவு போடவில்லை.