முந்நூற்று முப்பது: ஒரு புளிப்பாராய்ச்சி

சிப்ஸ் பாக்கெட்டின் முதுகில், கொசுவே கண்ணாடி போட்டுப் படிக்கவேண்டிய எழுத்தில், ‘அமிலத்தன்மை சீராக்கி (330)’ என்றொரு நூற்பா உண்டு. இதற்கு இதுவரை உரை செய்தார் இலர். அடைப்புக்குறிக்குள் நிற்றலின் சிறப்பிலாப் பொருள் எனின், அற்றன்று. அத்தையைக் கலங்கடித்த பொருள் என்க.

பேரன் கையிலிருந்த பாக்கெட்டைப் பிடுங்கிப் படித்த அத்தை, “நம்பர் போட்டதெல்லாம் விஷம்டா” என்று குப்பையில் எறிந்தார். அதே கையோடு இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்து எனக்கு ஜூஸ் தந்தார். அந்தச் சாற்றில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு 330தான். சிட்ரிக் அமிலம் என்பது அதன் பள்ளிக்கூடப் பெயர். எலுமிச்சை உப்பு மளிகைக்கடைப் பெயர். 330 கைதி எண். செய்த குற்றம், புளிப்பை ஏற்றிக் கிருமிகளைக் குடியிருக்க விடாமல் செய்தது.

1784இல் ஸ்வீடனின் ஷீலெ எலுமிச்சைச் சாற்றிலிருந்து இதைப் படிகமாகப் பிரித்தார். நெடுங்காலம் பழத்தைப் பிழிந்தே எடுத்தார்கள். 1917இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் கரி, சர்க்கரைக் கரைசலில் வளர்த்தால் அஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் கரும்பூஞ்சை இதைத் தாராளமாகச் சுரக்கிறது என்று காட்டினார். இப்பூஞ்சை வாசகர் அறியாததன்று. வெங்காயத் தோலில் கரிப்பொடியாக ஒட்டியிருக்க, நாம் முகம் சுளித்துக் கழுவுகிறோமே, அதுவே. பாக்கெட்டின் முகப்பில் எலுமிச்சைப் படம். உள்ளே உழைத்தவர் வெங்காயத்துக்காரர். நன்றிகெட்ட உலகம்.

அத்தைக்குப் பிரான்சில் முன்னோடிகள் உண்டு. 1976 வாக்கில் அங்கே சுற்றிய துண்டறிக்கையொன்று, பாரிஸை அடுத்த வில்ஜுயிஃப் மருத்துவமனையின் பெயரை ஒட்டிக்கொண்டு, 330ஐப் புற்றுநோய்க் காரணிகளுள் தலையாயது என்றது. மருத்துவமனை மறுத்தும் பயனில்லை. நம் செல்கள் உணவை எரித்துச் சக்தியாக்கும் வழியில் சிட்ரிக் அமிலம் பிறந்து பிறந்து மறைகிறது. அச்சுழற்சியை 1937இல் கண்டவர் ஹான்ஸ் கிரெப்ஸ். ஜெர்மன் மொழியில் ‘கிரெப்ஸ்’ என்றால் நண்டு; புற்றுநோய்க்கும் அதுவே பெயர். குழப்பம் இங்கேதான் முளைத்தது என்பர். நோபல் பரிசு வாங்கியும் மனிதருக்குப் பெயர்ராசி இல்லை.

சென்ற வாரம் அத்தை மகன் புதுக் கார் எடுத்தான். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு 330 வைத்து ஏற்றினோம். ஒன்று மட்டும் நசுங்காமல் உருண்டு சாக்கடையோரம் ஒதுங்கியது. ஆய்வுக்கு ஆகுமே என்று குனிந்தேன்.

“தொடாதடா, திருஷ்டி!” என்று அலறினார் அத்தை.

அப்பொருளுக்கு இன்னும் எண் ஒதுக்கப்படவில்லை.