பனித்தரையில் ஒரு பழைய அணி

கேள்வி: பெரிய பணமில்லாத ஒரு ஐஸ் ஹாக்கி கிளப் பிரிட்டனில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்?

பதில்: தெற்கு லண்டன் ஸ்ட்ரெத்தமைக் கேளுங்கள்! 1932இல் பிறந்த கிளப், இன்றும் ஆடுகிறது. அரைத்தொழில்முறை அணி என்பதால் ஆட்ட வருமானத்தில் அடுப்பெரியாது. பகலில் வேறு வேலை, இரவில் ஸ்கேட். எதிரே பறந்து வருவதோ உறைய வைத்த, 170 கிராம் எடையுள்ள ரப்பர் வில்லை. சம்பளத்துக்காக மட்டும் யாரும் அதன் முன்னால் போய் நிற்க மாட்டார்கள்!

1931இல் திறந்த சொந்த அரங்கம் 2011 டிசம்பரில் மூடப்பட்டது. அணி கலையவில்லை. பக்கத்து பிரிக்ஸ்டனில் ஒரு தற்காலிக அரங்கில் காலம் தள்ளி, 2013 நவம்பரில் புது அரங்கம் எழுந்ததும் ஊர் திரும்பியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1974 முதல் சுமந்த 'ரெட்ஸ்கின்ஸ்' என்ற பெயர் அமெரிக்கப் பழங்குடிகளை இழிவுபடுத்துவது. 2016இல் அதை உதறிவிட்டு 'ரெட்ஹாக்ஸ்' ஆனார்கள். தாமதம்தான், ஆனாலும் எந்தக் கோப்பையையும்விட எனக்கு இது பெரிது.

லண்டன் போனால் வார இறுதியில் ஓர் ஆட்டம் பாருங்கள். ஸ்வெட்டரை மறக்காதீர்கள், உள்ளே நடுக்கும்!