ஈர்க்குச்சி வைத்தியம்

யுபிவிசி ஜன்னலைக் கரையான் அரிக்காது, மழையில் அது உப்பாது, பெயின்ட் அடிக்கத் தேவையில்லை, ஆயுசுக்கும் கவலையில்லை. விற்க வந்த இளைஞர் அடுக்கிக்கொண்டே போனார். நான் தலையாட்டிக்கொண்டே போனேன். முதல் மூன்றும் சத்தியமான உண்மை. நான்காவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என் தகுதியை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கணக்குப் பிரிவில் பேனா பிடித்து ஓய்வு பெற்றவன். சொந்தமாக ஒரு கருவிப்பெட்டி உண்டு. அதில் திருப்புளி, குறடு, ஆலன் கீ, ரசமட்டம் எல்லாம் விலைச்சீட்டுக்கூட உரியாமல் பத்திரமாக இருக்கின்றன. அந்தப் பெட்டியின் கொக்கியைத் திறக்கும் சத்தம் கேட்டதுமே, அக்கா வீட்டுக்குப் போய் நாளாகிவிட்டது என்பது என் மனைவிக்கு நினைவு வரும். மகன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வான். அம்மா மட்டும் கூடத்தில் உட்கார்ந்து நான் செய்வதைக் கடைசி வரை பார்ப்பார். முழங்கால் வலி, எழுந்து போக முடியாது.

இந்த ஜன்னல் ஜெர்மனிக்காரர்கள் 1950களில் கண்டுபிடித்தது. குளிர் உள்ளே வராமல், அடுப்பின் சூடு வெளியே போகாமல் இருக்க அவர்களுக்கு அது தேவைப்பட்டது. சென்னையில் குளிரும் இல்லை, சூட்டை உள்ளே பிடித்து வைக்கவேண்டிய அவசியமும் இல்லை. நமக்கு வேண்டியது கொசு வரக்கூடாது, சாலைப் புழுதி வரக்கூடாது, ஐப்பசி மழை வரக்கூடாது. அதனால் நம் அடுக்ககங்களில் பெரும்பாலும் தள்ளித் திறக்கும் வகைதான்: கண்ணாடிக் கதவு இரண்டு, கொசுவலைக் கதவு ஒன்று, ஆளுக்கொரு தண்டவாளம். மெக்கானிக்குகள் தண்டவாளத்தை ட்ராக் என்றும் கதவை ஷட்டர் என்றும் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டேன். அப்படிச் சொன்னால்தான் அவர்கள் விசிட்டிங் சார்ஜைக் கொஞ்சம் யோசித்துச் சொல்கிறார்கள்.

எங்கள் கூடத்து ஜன்னல் கிழக்குப் பார்த்தது. கடலிலிருந்து சாய்வாக அடிக்கும் மழையில் ட்ராக்கில் தண்ணீர் நிற்கும். நின்று, நிரம்பி, உள்பக்கம் வழிந்து சோபாவின் முதுகை நனைக்கும். இதற்கு நான் ஒரு கோட்பாடு வைத்திருந்தேன். வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்துக்கும் எங்கள் சோபாவுக்கும் உள்ள உறவை, குடியிருப்போர் சங்கச் செயற்குழுவில் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். எல்லாரும் கவனமாகக் கேட்டார்கள். காப்பி வந்ததும் லிஃப்ட் பராமரிப்பு பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

உண்மையில் ட்ராக்குக்குள் தண்ணீர் வருவது குறையே அல்ல. வரும் என்று தெரிந்துதான் செய்திருக்கிறார்கள். ட்ராக்கின் அடியில் நீளவாக்கில் வெட்டிய துளை இருக்கும். அதன் வழியாகத் தண்ணீர் சட்டத்தின் உள்ளறைக்கு இறங்கி, வெளிப்பக்கத் துளை வழியாக வெளியே போய்விட வேண்டும். உள்துளையும் வெளித்துளையும் நேருக்கு நேர் இருக்காது. நேராக இருந்தால் காற்று புகுந்து, போகிற தண்ணீரைத் திருப்பி உள்ளேயே தள்ளிவிடும் என்பதால் சற்றுத் தள்ளி வைத்திருப்பார்கள். வெளித்துளைக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடியும் உண்டு. ஏற்பாடு அருமையானது. ஆனால் கட்டடம் கட்டும்போது கொத்தனார் சிந்திய சிமென்ட், பெயின்டர் சிந்திய பட்டி, பிறகு நாம் சேர்க்கும் புழுதியும் தலைமுடியும் எறும்புகளும் அந்தத் துளையில் போய்க் குடியேறிவிடுகின்றன.

எங்கள் ஜன்னலில் குடியிருந்தது ஒரு குளவி. சுண்டுவிரல்கூட நுழையாத அந்தத் துளைக்குள் மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்பி, உள்ளே மயக்கிப் போட்ட பச்சைப் புழுக்களை அடுக்கி, முட்டையிட்டு, வாசலையும் பூசி மூடிவிட்டுப் போயிருந்தது. பூச்சு வேலை சுத்தமாக இருந்தது, விரிசல் கிடையாது. எங்கள் கட்டடத்தை அந்தக் குளவி கட்டியிருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

இதைத் திறக்க என் பெட்டியில் இருந்த எந்தக் கருவியும் உதவவில்லை. திருப்புளி தடிமன், குறடு நுழையாது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அம்மா, "தொடப்பத்துலேர்ந்து ஒரு ஈர்க்குச்சிய உருவேன்டா" என்றார். தென்னந்துடைப்பத்து ஈர்க்குச்சி, வளையும் ஆனால் மடங்காது, மூடியையும் உடைக்காது. குத்திக் குடைந்துவிட்டு ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றியதும் 'சளக்' என்று வெளியே கொட்டியது. தாழ்வு மண்டலத்துக்கும் எனக்கும் இருந்த பகை அன்றோடு தீர்ந்தது. மேல் மாடியில் இருப்பவர் என்னைவிடச் சுறுசுறுப்பானவர். தண்ணீர் இந்தத் துளை வழியாகத்தான் உள்ளே வருகிறது என்று கண்டுபிடித்து, வெளித்துளைகள் அத்தனையையும் சிலிக்கான் பசை வைத்து அடைத்துவிட்டார். அடுத்த மழையில் அவர் வீட்டு ட்ராக்கில் மீன் வளர்த்திருக்கலாம்.

அடுத்தது சக்கரம். ஷட்டர் நகர மறுத்து, நகரும்போது கடகடத்தால் பெரும்பாலும் ரோலரில் முடி சுற்றியிருக்கும், அல்லது ரோலர் இறங்கியிருக்கும். ஷட்டரின் பக்கவாட்டில், அடிப்பக்கமாக, ஒரு ரூபாய்க் காசைவிடச் சிறிய பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும். நகத்தால் நெம்பினால் வந்துவிடும். உள்ளே ஒரு திருகு தெரியும். அதைத் திருப்பினால் ரோலர் ஏறும், எதிர்ப்பக்கம் திருப்பினால் இறங்கும். எந்தப் பக்கம் எது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும் என்பதால், கால் சுற்று திருப்பிவிட்டு, ஷட்டரின் ஓரத்துக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலும் கீழும் சமமாகிறதா என்று பார்க்க வேண்டும். திருப்பும்போது யாராவது ஷட்டரைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டால் திருகின் தலை தேயாது. இங்கே என் ரசமட்டத்துக்கு முதல்முறையாக வேலை கிடைத்தது. வைத்துப் பார்த்ததில் ஜன்னல் நேராக இருந்தது, வீட்டின் தரைதான் சரிந்திருந்தது. வீட்டுக்கடன் இன்னும் முடியாததால் அந்தத் தகவலை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ரோலரே தேய்ந்துபோயிருந்தால் ஷட்டரைக் கழற்றித்தான் ஆகவேண்டும். தூக்கினால் வந்துவிடாமல் இருக்க மேல் ட்ராக்கில் ஒரு தடுப்புக் கட்டை வைத்திருப்பார்கள், முதலில் அதன் திருகை எடுக்க வேண்டும். பிறகு ஷட்டரை மேல் பள்ளத்துக்குள் ஏற்றி, அடியை உள்பக்கம் இழுத்து, பழைய பெட்டிக்கடையில் பலகை எடுப்பது மாதிரி எடுக்க வேண்டும். எழுதும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு, இரண்டரைக் கிலோ. இரண்டடி அகலம், நான்கடி உயரம் உள்ள ஷட்டரில் ஐந்து மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே ஒன்பது கிலோவுக்கு மேல் வரும். சட்டமும் அதற்குள் இருக்கும் இரும்பும் தனி. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும் மகன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "நகருங்கப்பா" என்றான். என் கணக்குத் திறமை அந்த வீட்டில் மதிக்கப்பட்ட அபூர்வமான தருணம் அது.

பூட்டின் கதை வேறு. மார்கழியில் சமர்த்தாக விழும் கொக்கி, மே மாத மதியத்தில் விழாது. கேட்டால் காற்று கறுப்பு என்பார்கள், காரணம் வெயில். இந்தப் பிளாஸ்டிக் சூட்டில் இரும்பைவிட ஆறு மடங்கு நீளும். ஒரு மீட்டர்ச் சட்டம், சூடு 20 டிகிரி கூடினால் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டுவிடும். கொக்கிக்கும் அது போய் மாட்டும் எதிர்த்தகட்டுக்கும் இடையே ஒன்றரை மில்லிமீட்டர் என்பது பெரிய தூரம். தகட்டின் திருகுத்துளைகளைப் பெரும்பாலும் நீளவாக்கில்தான் வெட்டியிருப்பார்கள். திருகைத் தளர்த்தி, தகட்டைச் சற்று ஏற்றியோ இறக்கியோ இறுக்கிவிட்டால் தீர்ந்தது. உச்சி வெயிலிலும் விடியற்காலையிலும் செய்யாமல், சாயங்காலம் செய்தால் இரண்டுக்கும் பொதுவாக அமையும். வெப்ப விரிவுக் குணகம் பற்றி மனைவியிடம் படம் வரைந்து விளக்கினேன். "அப்ப ராத்திரி பூட்டிக்கலாம்" என்றாள்.

படுக்கையறையில் இருப்பது கீல் வைத்துத் திறக்கும் ஜன்னல். அதில் கைப்பிடி ஆடும். ஆடினால் கைப்பிடியின் அடித்தகட்டு மூடியைக் கால் சுற்றுத் திருப்புங்கள், கீழே இரண்டு திருகுகள் ஒளிந்திருக்கும். இறுக்கிவிட்டு மூடியைத் திருப்பிவிடலாம். நான் மொத்தமாக ஒரு நிமிடத்தில் முடித்த ஒரே பழுதுபார்ப்பு இது. வருகிற உறவினர்களிடமெல்லாம் அந்தக் கைப்பிடியைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறேன்.

இனி எண்ணெய். நம் வீடுகளில் எது கிரீச்சிட்டாலும் தேங்காய் எண்ணெய்தான் மருந்து. அம்மா கிண்ணத்தோடு தயாராக இருப்பார். ட்ராக்கில் எண்ணெய் விட்டால் அன்றைக்கு வழுக்கும், மறுவாரம் புழுதியோடு குழைந்து களிம்பாகும், நடுவில் எறும்பு வரும். இயந்திர எண்ணெயும் ஆகாது. ஓரங்களில் ஓடும் கறுப்பு ரப்பரை அது ஊறவைத்து உப்ப வைத்துவிடும். ட்ராக்கைத் தூரிகையால் பெருக்கித் துடைத்துவிட்டு, சிலிக்கான் ஸ்பிரே கொஞ்சம் அடித்தால் போதும். சட்டத்தைத் துடைக்கச் சோப்புத் தண்ணீர் போதுமானது. பெயின்ட் கறையைப் போக்குகிறேன் என்று தின்னரைத் தொட்டால் கறையோடு சட்டத்தின் மினுமினுப்பும் போய்விடும்.

சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே பூசிய சிலிக்கான் பசை வெடித்திருந்தால் பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியது வைக்க வேண்டும். பழையதன் மேல் புதியது ஒட்டாது. கடையில் நியூட்ரல் என்று கேட்டு வாங்குங்கள். பிதுக்கும்போது வினிகர் வாடை அடித்தால் அது அசிட்டிக் வகை. சிமென்டில் சரியாகப் பிடிக்காது, பக்கத்திலுள்ள இரும்பையும் அரிக்கும். கடைக்காரரிடம் நான் டியூபை முகர்ந்து பார்க்க வேண்டும் என்று கேட்டதில் எங்கள் தெருவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பியது. அது வேறு விஷயம்.

கொசுவலை கிழிந்தால் ஷட்டரை மாற்றச் சொல்வார்கள், நம்பாதீர்கள். வலையைப் பள்ளத்தில் அழுத்திப் பிடித்திருப்பது ஒரு ரப்பர் கயிறு மட்டுமே. அதை உருவி, புதிய வலையை விரித்து, ஒரு மூலையிலிருந்து கயிற்றை மறுபடி அழுத்திக்கொண்டே வரலாம். ரொம்ப இறுக்கி இழுத்தால் சட்டம் இடுப்பு வளைந்து, ஓரத்தில் கொசுவுக்கென்று தனிவழி உண்டாகும்.

கை வைக்கக்கூடாதவையும் உண்டு. சட்டத்தின் மூலைகளைச் சூட்டில் உருக்கி ஒட்டியிருக்கிறார்கள். அங்கே விரிசல் விட்டால் பசையால் ஆகாது. கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் திருகு துருப்பிடித்து உள்ளேயே முறிந்திருந்தால் அதற்கும் ஆள் வேண்டும். மாற்றும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாகக் கேளுங்கள். உடைந்த கண்ணாடியை மாடியிலிருந்து நீங்களே கழற்ற முயலவே வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே கால் வைத்துச் செய்யவேண்டிய எந்த வேலையும் நம் வேலை அல்ல. ஜன்னல் பொருத்திய நிறுவனத்தைத் தொலைபேசியில் பிடிப்பது கடினம்தான், இருந்தாலும் பிடியுங்கள்.

மற்றபடி, வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உங்கள் ட்ராக்கில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெளியே கொட்டினால் நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொள்ளலாம், கொட்டாவிட்டால் துடைப்பத்தைத் தேடுங்கள். ஊற்றுவதற்கு முன் கீழ்வீட்டுக்காரர் துணி காயப்போட்டிருக்கிறாரா என்று மட்டும் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.