ரயருக்கும் ஒரு வாடகை அறை

மொன்றியல்,
நவம்பர் மாதக் கடைசி.

அன்புள்ள குஞ்சியப்புவுக்கு,

சைக்கிள் கடை எப்பிடிப் போகுது? இஞ்சத்தைப் புதினம் முழுக்க உங்கட தொழில் சம்பந்தமானதுதான்.

கியூபெக் மாகாணத்தில டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரைக்கும் குளிர்கால ரயர் பூட்டாத கார் றோட்டில இறங்கேலாது. பிடிபட்டா 200 டொலருக்குக் குறையாத தண்டம். மற்ற ரயர் 7 பாகைக்குக் கீழ போனா விறைச்சுப்போய் ஐஸில பிடிக்காதாம். குளிர்கால ரயரின்ர றப்பர் வேற கலவை. பெருவிரலால அமத்தினா வளைஞ்சு குடுக்குது. ஆகக் காருக்கு நாலு சில்லு, எட்டு ரயர். கழட்டின நாலையும் வைக்கக் கராஜ்காரர் வாடகைக்கு அறை வைச்சிருக்கினம். நான் நிலத்துக்குக் கீழ பேஸ்மன்றில குடியிருக்கிறன். என்ர ரயர் மேல்தட்டில, பேர் எழுதின துண்டு கட்டிக்கொண்டு, சூடாக்கின அறையில இருக்குது.

உங்கட கடையில ஒரு ரயருக்கு ஓய்வு எண்டு ஒண்டு இருந்ததோ? தொண்ணூறுகளில பொருளாதாரத் தடையால பெற்றோல் இல்லாமல் யாழ்ப்பாணக் குடாநாடே சைக்கிளில ஓடேக்க, வெடிச்ச ரயருக்குள்ள பழைய ரயர்த் துண்டு வைச்சுத் தைச்சுத் தந்தியள். ஒட்டுக்கு மேல ஒட்டுப் போட்ட ரியூப், கடைசியில கரியலுக்கு வாராகும். அதில மிஞ்சினது எங்களுக்குக் கெற்றப்போல். தேஞ்ச ரயரைச் சின்னனுகள் தடியால தட்டி ஒழுங்கை முழுக்க உருட்டுங்கள்.

காருக்கு மட்டுமில்லை, சப்பாத்துக்கும் இஞ்ச றப்பர் உறை. பனிக்குக் கொட்டுற உப்பு தோலைத் திண்டுபோடும். கந்தோர் வாசலில ஒற்றைக் காலில நிண்டு அதை இழுத்துக் கழட்டுறது, பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு அடம்பிடிக்கிற பெடியனுக்குக் காற்சட்டை மாட்டுற மாதிரி. பாட்டாவைக் காலால உதறிப்போட்டு உள்ள போன எனக்கு வந்த விதி!

றப்பர் மரம் இஞ்சயும் இல்லை, எங்கட ஊரிலயும் இல்லை. 1876இல ஹென்றி விக்கம் பிரேசிலில இருந்து கொண்டுபோன விதை லண்டன் கியூ தோட்டத்தில முளைச்சு, அதே வருசம் கன்றா இலங்கையில கம்பகாவுக்கு வந்தது. மழை குறைஞ்ச யாழ்ப்பாணப் பக்கம் எட்டியும் பாக்கேல்லை. எண்டாலும் அப்பு மலாயாத் தோட்டத்தில கிளாக்கரா இருந்து அனுப்பின காசிலதானே எங்கட கல்வீடு எழும்பினது? 1952இல றப்பர் குடுத்துச் சீனாவிட்ட அரிசி வாங்க ஒப்பந்தம் போட்டாங்கள். உங்கட கூப்பன் அரிசியிலயும் அது கலந்திருக்கும். அப்பு றப்பரால உழைச்சார், நீங்கள் றப்பரை ஒட்டி உழைச்சியள். நான் ஒருத்தன்தான் உழைச்சு றப்பருக்குக் கட்டுறன்.

விசா சரிவந்தா யூன் மாசம் வாங்கோ. டிசம்பரில வந்தா சட்டப்படி உங்களுக்கும் குளிர்கால றப்பர் பூட்டித்தான் வெளியில இறக்கவேணும்.

இப்படிக்கு,
அன்புள்ள பெறாமகன்